எங்க லைன்ல காமாலை இல்லீங்க

என் வயசுக்காரர்களுக்கு வணக்கம். முழங்காலுக்குத் தைலம், சர்க்கரைக்கு மாத்திரை, செல்போனைக் கை நீட்டின தூரத்தில் பிடித்தால்தான் எழுத்து தெரியும் என்கிற கட்டத்துக்கு வந்துவிட்ட நம்மைத்தான் சொல்கிறேன். கொரோனா காலத்தில் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் எப்படிக் கொதித்தீர்கள் என்று ஞாபகம் இருக்கும். செத்தவர்கள் எண்ணிக்கையை மறைக்கிறார்கள், ஒருத்தருக்கும் அக்கறை இல்லை, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். நான் மட்டும் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படமும் அதற்குக் கீழே ஒரு கடி ஜோக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். "ஊரே சாகுது, இவனுக்கு எல்லாமே வெளையாட்டு" என்று எழுதிவிட்டு ஒருத்தர் குழுவை விட்டே போனார்.

விளையாட்டு இல்லை. அந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு யோக்கியதை கிடையாது. பதினோரு வயசில், எங்கள் தெருவில் நோய் வர வழியே இல்லை என்று அரசாங்க அதிகாரி முன்னால் சாட்சி சொன்னவன் நான். அதுவும் மரியாதையாக, 'ங்க' போட்டு.

தொண்ணூறுகளின் ஆரம்பம். பீளமேட்டுப் பக்கம் எதிரெதிராக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவில் சாக்கடை. லைன் வீடுகள் என்போம். அப்பா மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். பதினோரு வயசில் எனக்கு அவர் தினமும் மாலையில் கிழவராகி, குளித்ததும் வாலிபராகிவிடுவார். அந்த லைனில் யாரிடமும் பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, தண்ணீரைத் தவிர. சிறுவாணித் தண்ணீர்.

கோயமுத்தூர்க்காரனுக்குத் தண்ணீரைப் பற்றி இருக்கிற கர்வம் உங்களுக்குத் தெரியாததில்லை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்னால் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டுவோம். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு, "எப்படீங்க இருக்குது?" என்போம். ஏதோ நாங்களே மலையேறிப் பிழிந்து எடுத்து வந்த மாதிரி.

அந்தத் தண்ணீர் வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வரும். வந்தாலும் குழாயில் ஏறத் தெம்பிருக்காது. அப்பா ஃபிட்டர் மூளையைப் பயன்படுத்தினார். எங்கள் வாசலில் இடுப்பளவுக்கு ஒரு குழி வெட்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தார். ஏற முடியாத தண்ணீர் இறங்கி வந்தது. ஒரே மாதத்தில் லைன் முழுக்கக் குழி. எல்லாக் குழிக்கும் அப்பாதான் குழாய் பூட்டிக் கொடுத்தார். அனுமதி என்று ஒன்று வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் கேட்கவில்லை. குழிக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு முழம் மண்.

குழியின் அடியில் எப்போதும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கும். சிந்தினது, கழுவினது, சாக்கடையிலிருந்து மண் வழியாகக் கசிந்து வந்தது, எல்லாம் சேர்ந்து வெதுவெதுப்பாக, கால் விரலிடுக்கில் வழுவழுவென்று. வாடை வரும். பழகிப்போனால் அது குழியின் வாடை என்றுதான் தோன்றும். சாக்கடை வாடை என்று தோன்றாது.

அங்கேதான் என் முதல் மேடை. தண்ணீர் வருவது நிற்கிற நேரத்தில் குழாய் உள்பக்கமாக மூச்சு இழுக்கும். உள்ளங்கையை வைத்தால் கவ்விக்கொள்ளும். எடுக்கும்போது 'ப்ளக்' என்று ஒரு சத்தம். இதைக் கண்டுபிடித்தது நான்தான். அடுத்த கட்டமாக, குழித் தண்ணீரை ஓர் அலுமினியக் குவளையில் மோந்து குழாயின் வாயில் வைத்தேன். மடக் மடக்கென்று குடித்தது. குவளை காலி. லைன் பிள்ளைகள் குழியைச் சுற்றி உட்கார்ந்து கைதட்டினார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டுவதைப் போல 'குழாய்க்குத் தண்ணி காட்டறது' என்று அதற்குப் பெயரும் வைத்தேன். பேர் வைப்பதில் நான் அப்போதே கெட்டிக்காரன். பெரியவர்களும் வேடிக்கை பார்த்தார்கள். அப்பா கூட ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். மில்லில் பம்புகளைக் கட்டி மேய்க்கிற ஃபிட்டர் அவர். அந்தக் குவளைத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவருக்கும் தோன்றவில்லை.

அத்தை வந்தது அந்த மாசி மாதம். அப்பாவின் ஒரே தங்கை. பல்லடம் தாண்டி ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் வளையல் பூட்டி எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அப்பாவைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், தாய்வீடு என்றால் எங்கள் ஓட்டு வீடுதான். தாய் என்றால் என் அம்மாதான். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம்.

வாசலில் கால் வைத்ததும் அத்தை பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நங்கை, மொதல்ல தண்ணி" என்றாள். அம்மா கொடுத்த சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். கழுத்து வழியாக ரவிக்கையெல்லாம் நனைந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். சொம்பு ஏற ஏற அவை சரிந்து சரிந்து ஒலித்தன. தண்ணீர் குடிப்பதற்கு ஒரு சத்தம் உண்டென்றால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கண்ணாடிச் சத்தம்தான்.

என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். வயிற்றைத் தட்டிக் காட்டி, "உனக்குத்தான் பொண்ணு பெத்துத் தாரேன் மாப்ளே. படிச்சுப்போட்டு வா, கட்டி வெக்கறேன்" என்பாள். நான் வெட்கத்தில் குழிக்குள் இறங்கிவிடுவேன். அவளிடம் பித்தளையில் ஒரு கூஜா இருந்தது, மூடியில் சங்கிலி போட்டது. பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் கொண்டு வந்து, திரும்பும்போது சிறுவாணித் தண்ணீர் நிரப்பி எடுத்துப்போவாள். அந்தக் கூஜா எங்கே போனதென்று தெரியவில்லை. மாமாவின் இரண்டாம் கல்யாணத்தின்போது யாராவது பாத்திரக்காரரிடம் போட்டிருப்பார்கள்.

பங்குனியில் காமாலை வந்தது.

முதலில் எதிர்வரிசையில் இரண்டு பேர். பிறகு பின்பக்கத்து லைனில். பிறகு என் வகுப்பில் பாதிப் பேர் பரீட்சைக்கு வரவில்லை. பரீட்சையிலிருந்து தப்பித்தவர்கள் என்று நாங்கள் அவர்களைக் கும்பிட்டோம். ஆனால் லைனில் யாருமே அதைக் காமாலை என்று சொல்லவில்லை. "சூடுங்க, வெயில் சூடு" என்றார்கள். பிராய்லர் கோழி என்றார்கள். காந்திபுரத்தில் பரோட்டா தின்றது, பஸ் ஸ்டாண்டில் ஐஸ் குடித்தது, இரண்டாம் ஆட்டம் பார்த்துக் கண் விழித்தது என்று ஒவ்வொரு மஞ்சள் கண்ணுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. தண்ணீரை மட்டும் யாரும் சொல்லவில்லை. சிறுவாணியைச் சந்தேகப்படுவது கட்டின பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிற மாதிரி. பாவம், மலையிலிருந்து வந்த தண்ணீர்மேல் தப்பே இல்லை. அது சுத்தமாகத்தான் வந்தது. எங்கள் குழி வரைக்கும்.

சொன்னது ஒரே ஒரு ஆள். லைனின் கடைசி வீட்டில் இருந்த நர்சக்கா. டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையில் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே திரும்பி வந்து வீடு வீடாக ஏறி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டு போவார். எல்லோரும் உட்காரவைத்து, ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் கொடுத்து, "கண்டிப்பாங்க" என்று வழியனுப்பி வைப்போம். எங்கள் ஊரில் ஒருத்தர் பேச்சைக் கேட்கப்போவதில்லை என்பதைச் சொல்ல 'கண்டிப்பாங்க'வை விட்டால் வேறு வார்த்தை இல்லை.

வைரஸ் என்கிற வார்த்தையை முதலில் நான் கேட்டது நர்சக்கா வாயில்தான். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் வரும் என்றார். நான் அதை ஆட்டமாக்கிவிட்டேன். ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு வைரசு. மற்றவர்கள் ஓட வேண்டும். தொடப்பட்டவன் மஞ்சளாகிவிடுவான். உங்களில் யாராவது அந்த ஆட்டத்தை ஆடியிருந்தால் அதற்கும் காப்புரிமை என்னுடையதுதான்.

பின்பக்கத்து லைனில் மாசமாக இருந்த ஓர் அக்கா செத்துப்போனது அந்தச் சமயத்தில். பிரசவத்தில் போய்விட்டாள் என்று சொன்னார்கள். பிரசவத்தில் போவது அப்போது நடக்கிற விஷயம்தான். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நர்சக்கா மட்டும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தையைப் பார்த்தார். அடுப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அம்மணிக்கு மட்டுமாச்சும் தண்ணியக் காச்சிக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல நான்."

"குடுத்துப் பாத்தனுங்க. காச்சுனா செத்த தண்ணியா இருக்குதுன்னு அவ தொடவே மாட்டேங்கறாளுங்க. இந்தத் தண்ணிக்குத்தான் அவ வந்ததே."

அன்று சாயங்காலம் நர்சக்கா அப்பாவிடமும் சொன்னார். மற்றவர்களுக்கு இந்தக் காமாலை வந்தால் ஒரு மாதம் படுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள், மாசமாக இருப்பவர்களுக்கு வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும், தங்கையை உடனே பல்லடத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்றார். அப்பா புருவத்துப் பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"வளையல் பூட்டிக் கூட்டியாந்த புள்ளைய எப்படீங்க திருப்பி அனுப்பறது? அம்மா இல்லாதங்காட்டி அண்ணங்காரன் பொண்டாட்டி பேச்சக் கேட்டுத் தொரத்திப்போட்டான்னு ஒறம்பரை சனம் பேசாதுங்களா?"

"பேசுனா பேசிட்டுப் போகட்டுங்கண்ணா. உசுரு இருந்தாத்தானுங்க பேச்சு."

"கண்டிப்பாங்க" என்றார் அப்பா.

நர்சக்கா விடவில்லை. ஒரு மனு எழுதினார். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு எப்போது கண் மஞ்சளானது என்று கோடு போட்ட நோட்டில் பட்டியல் போட்டு, கையெழுத்துக் கேட்டு அலைந்தார். கல்யாண வயசில் பெண் இருக்கிற வீட்டில் போடமாட்டேன் என்றார்கள். மில்லில் விடுப்புப் பிரச்சினை வரும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "எனக்கென்னங்க, கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றார். கடைசியில் நர்சக்கா ஒரே ஒரு கையெழுத்தோடு, அதாவது தன்னுடையதோடு, சுகாதார ஆபீசுக்குப் போனார். அங்கே, ஊரைக் கிளப்பிவிடாதீர்கள், வந்து பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு தடவை போனார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே என்று கேட்டார்களாம். மூன்றாவது தடவை போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் வந்தார்.

இப்போது யோசித்தால் எனக்கு ஆத்திரமாக வருவது யார் மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பட்டியல் இருந்தால் நம்புவேன் என்கிறது ஆபீஸ். ஆபீஸ் நம்பினால் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறது லைன். நடுவில் ஒரு பொம்பளை, ட்யூட்டி முடிந்த காலோடு, நோட்டைத் தூக்கிக்கொண்டு. யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. சண்டையாகியிருக்கும், நாலு பேர் கூடியிருப்பார்கள், விஷயம் வெளியே வந்திருக்கும். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் 'ங்க' போட்டே கொன்றோம்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குக் காலையில் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குழியப் பத்தி எவனாச்சும் கேட்டா வாயத் தொறக்காதே சாமி. குழிய மூடிப்போட்டாங்கன்னா உங்கத்தைக்குக் குடிக்கத் தண்ணியில்ல. தெரியுதா?"

தெரிந்தது. அத்தைக்காக நான் எதையும் செய்வேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். சைக்கிளில் வந்து, ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்த தண்ணீரைத் தட்டாமல் வாங்கிக் குடித்தார். கூட வந்த ஆள் சாக்கடை ஓரமாகப் பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு மாதிரி நேர்கோடாகப் போட்டுக்கொண்டே போனார். மூக்கு எரிந்தது. குழிகளின் மேல் எல்லா வீட்டிலும் பலகை போட்டு, பலகை மேல் துளசிச் செடித் தொட்டி, கோழிக்கூடை, ஒரு வீட்டில் தாத்தாவையே கட்டிலோடு போட்டு மறைத்திருந்தார்கள். வாசலுக்கு வாசல் ஒரே கேள்வி, ஒரே பதில்.

"யாருக்காச்சும் காமாலைங்களா?"

"இல்லீங்க."

"கையெழுத்துப் போடுங்க."

நோய் இருக்கிறது என்று நர்சக்கா கேட்ட கையெழுத்தைப் போடாதவர்கள் எல்லோரும், நோய் இல்லை என்பதற்கு வரிசையாகப் போட்டார்கள். அப்பாவும் போட்டார்.

அப்போதுதான் நர்சக்கா என் தோளைப் பிடித்து முன்னால் கொண்டு வந்தார். "சார், இந்தத் தம்பியக் கேளுங்க. தண்ணி நின்னா கொழாய் எப்படி அழுக்குத் தண்ணிய உள்ள இழுக்குதுன்னு அவங் காட்டுவான். என்ற கண்ணாலயே பாத்தனுங்க சார்."

"அப்படீங்களா? எங்க கண்ணு, காட்டு பாக்கலாம்."

லைனே என்னைப் பார்த்தது. சாதாரணமாக அவ்வளவு பேர் பார்த்தால் நான் தலைகீழாக நிற்பேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சன்னல் கம்பிக்குப் பின்னால் அத்தையின் வளையல் ஒரு தடவை ஒலித்தது.

"அப்படியெல்லாம் இழுக்காதுங்க. நாஞ் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய சிரிப்பு அதுதான். இன்ஸ்பெக்டர் என் தலையில் தட்டிக்கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நர்சக்கா என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். வீட்டுக்குள் போனதும் அத்தை என் வாயில் ஒரு அச்சு வெல்லத்தைத் திணித்து, "தண்ணியக் காப்பாத்திக் குடுத்துப்போட்டியே மாப்ளே" என்றாள்.

சித்திரையில் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. மசக்கை திரும்பவும் வந்துவிட்டது என்றாள் அம்மா. உள்ளங்கை அரித்தது. கண்ணாடி வளையல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஒரு மத்தியானம் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். அத்தை தோற்கிற மாதிரி இருந்தது. அவள் தோற்கிற ஆளே இல்லை, நான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். கண் வெள்ளையில் ஆவாரம்பூ.

நர்சக்கா வந்து இமையை இழுத்துப் பார்த்தார். இன்றைக்கே, இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"காமாலைக்கு இங்கிலீஸ் வைத்தியத்துல மருந்தே இல்லீன்னு டாக்டருங்களே சொல்றாங்களேங்க."

"மருந்து இல்லீங்கண்ணா. ஆனா பாத்துக்க ஆளு இருக்கும்."

அப்பா அதையும் ஒத்துக்கொண்டார். ஆனால் முதலில் மூன்று நாள் பச்சிலை, பிறகு ஆஸ்பத்திரி என்றார். காரமடைப் பக்கம் ஒருத்தர் விடியற்காலையில் வெறும் வயிற்றில் இலைச்சாறு கொடுப்பார். லைனில் எல்லோரும் அவரிடம் குடித்துத்தான் பிழைத்தார்கள் என்று சொன்னார்கள். எதுவும் குடிக்காமலிருந்தாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது, நோயே வரவில்லை என்று கையெழுத்துப் போட்ட லைன், அந்த நோய்க்கு வைத்தியருடைய விலாசத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. உப்பில்லாத மோர்ச்சோறும் பஸ் ஆட்டமுமாக மூன்று நாள். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது அத்தை பஸ்ஸில் அப்பாவைப் பார்த்து, "அப்பா, பால் கறந்தாச்சா?" என்று கேட்டாளாம்.

வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து வளையலை எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து. நான் எதிரில் போய் நின்று கழுத்தை வளைத்து ஏதோ சேட்டை செய்தேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க யாருங்க?" என்றாள்.

அத்தை எனக்கு 'ங்க' போட்டுப் பேசினது அது ஒரு தடவைதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். குழந்தை முதலில் போனது. பெண் குழந்தை என்று அம்மா சொன்னாள். என்னிடம் இல்லை, பக்கத்து வீட்டில் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அத்தை மறுநாள் காலை போனாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் பிரசவ மரணம் என்று எழுதியிருந்தது. பல்லடத்திலிருந்து மாமா வந்து அழுதார். தோட்டத்துக்கு எடுத்துப்போனார்கள். வளையலையெல்லாம் கழற்றின பிறகு கையில் எவ்வளவு மஞ்சள் என்று தெரிந்தது.

சில சமயம் படுத்துக்கொண்டு நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். இந்த வைரஸ் உள்ளே போய் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் காட்டும் என்று பிற்பாடு படித்தேன். அப்படியானால் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னாலேயே அத்தை குடித்திருக்கலாம். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு சுகாதார ஆபீசுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டூல் எடுத்துப்போட்டார். முதல் காரியமாக இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்தார். அப்பா டம்ளரைத் தொடவில்லை. எங்கள் ஊரில் அது கிட்டத்தட்டக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். இன்ஸ்பெக்டருக்கு முகம் மாறியது.

"என்ற தங்கச்சி பேர எழுதிக்கோணுமுங்க" என்றார் அப்பா.

"எதுலீங்க?"

"காமாலைல போனவிங்க பேரு எழுதறதுலீங்க."

"அப்படி ஒண்ணும் எங்ககிட்ட இல்லீங்களே. உங்க லைன்ல காமாலையே இல்லீங்க." நோட்டைத் திருப்பி அப்பா பக்கம் வைத்தார். "இதா, உங்க கையெழுத்துத்தானுங்களே இது?"

அப்பா தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது பொய்யிங்க. குழிய மூடிருவீங்கன்னு போட்டுட்டனுங்க."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல பிரசவம்னு இருக்குதுங்க. அத நா எப்படீங்க மாத்தறது? போனவிங்க போயிட்டாங்க. இப்ப எழுதி என்னங்க ஆகப்போகுது?"

"பின் லைன்லயும் ஒரு புள்ள போச்சுங்க. அடுத்தவிங்க வீட்டுலயும் மாசமா இருக்கறாங்க. எழுதுனா நாலு பேரு வந்து பாப்பீங்களேங்க." அப்பா என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு இவன் சொன்னதக் கேட்டீங்களே, இன்னைக்குங் கேளுங்க. சொல்லு சாமி. கொழாய் இழுக்கறதச் சொல்லு."

சொன்னேன். கை வைத்தால் கவ்வுவது, 'ப்ளக்', குவளை, மடக் மடக், சாக்கடைக் கசிவு, எந்தெந்த வீட்டுக் குழியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது வரைக்கும், ஒன்றையும் சிரிப்புக்காகக் கூட்டாமல் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் சொன்னது கிடையாது. இன்ஸ்பெக்டர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"கொழந்தைங்க பேச்ச வெச்சு எப்படீங்க எழுத முடியும்?" என்றார்.

அப்பா எழுந்தார். "சரீங்க" என்றார். வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். வீடு வரைக்கும் ஏறவே இல்லை.

அன்றைக்கே மில்லிலிருந்து சாமான் எடுத்து வந்து எங்கள் குழாயைக் கழற்றி, வாயை அடைத்துப் பூட்டினார். கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து, நான் மண் அள்ளிப் போடப் போட, குழியை நிரப்பி மிதித்துக் கெட்டித்தார். பிறகு ஒவ்வொரு வாசலாகப் போய், உங்களுடையதையும் நானே வந்து மூடித் தருகிறேன், மேலே குழாய் வைத்துத் தருகிறேன் என்று கேட்டார். எல்லோரும் அவரை உட்காரவைத்தார்கள். துக்க வீட்டுக்காரர் என்று கூடுதல் மரியாதையாகவே பேசினார்கள்.

கண்டிப்பாங்க என்றார்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த பொதுக்குழாய்க்குக் கிளம்பினார். எதிர்வீட்டுக்காரர் தன் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். கண் நன்றாகத் தெளிந்திருந்தது; கூலிங் கிளாஸ் இல்லை. குடம் நிரம்பி வழிகிற சத்தம் அவர் காலடியில் கேட்டது.

"ஏனுங்கண்ணா, உங்க குழிய மூடுனதுல எங்களுக்கெல்லாம் ஜோரா வருதுங்க" என்றார். கேலியாக இல்லை, மனசாரத்தான் சொன்னார். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

அப்பா நின்றார். காலிக் குடத்தைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டார்.

"சந்தோசமுங்க" என்றார்.